அது வெள்ளைக்காரன் கட்டடம் இல்லை

ஞாயிற்றுக்கிழமை நூலக விழாவில் பேசியவரின் வீடியோவை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். போதும். நானும் அந்த அரங்கில் மூன்றாவது வரிசையில்தான் இருந்தேன். "மெட்ராஸ் கிளப் போனதற்கு யாராவது அழுவார்களா? வெள்ளைக்காரன் குடித்துக் கூத்தடித்த கட்டடம், அந்த இடத்தில் மால் வந்தது நல்லதுதான்" என்று அவர் சொன்னதும் கைதட்டல் எழுந்ததே, அது இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

அது வெள்ளைக்காரன் கட்டடம் இல்லை. நம் பத்திரிகை ஆபீஸ்.

1832-இல் தொடங்கிய கிளப் அது. மவுண்ட் ரோட்டுக்குப் பின்புறம் பெரிய தோட்டம், நடுவே உயரமான வெள்ளைத் தூண்களும் அகன்ற வராந்தாவுமாக மாளிகை. இந்தியர்களை உறுப்பினராகச் சேர்க்க மாட்டார்கள். நம் ஆள் அந்த வராந்தாவில் ஏற வேண்டுமென்றால் கையில் தட்டு ஏந்தித்தான் ஏற வேண்டும். இதையெல்லாம் அவர் சொன்னார், சரியாகவே சொன்னார். அப்புறம் நடந்ததை ஏன் விழுங்கினார்? 1940-களில் இந்தியன் எக்ஸ்பிரஸ் முதலாளி ராம்நாத் கோயங்கா அந்த இடத்தை வாங்கினார். மெட்ராஸ் கிளப், எக்ஸ்பிரஸ் எஸ்டேட் ஆனது. இந்தியனை வாசலோடு நிறுத்திய இடத்தில் இந்தியன் எக்ஸ்பிரஸும் தினமணியும் வந்து உட்கார்ந்தன. தமிழில் எழுதுகிறவர்கள் வேட்டியோடு அந்தப் படியேறினார்கள். நாம் ஜெயித்து எடுத்த இடம் அது. அதைப் போய் வெள்ளைக்காரன் கட்டடம் என்கிறார், நாமும் கை தட்டுகிறோம்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். என் தாத்தா செங்கோட்டையில் பேப்பர் ஏஜென்ட். அப்போது நம் ஊர் திருவிதாங்கூரில், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது, 1956 நவம்பர் 1 வரைக்கும். ராஜா திருவனந்தபுரத்தில், பேப்பர் மெட்ராஸில். மதுரைப் பதிப்பு வருவதற்கு முன்னால் தினமணிக் கட்டு கொல்லம் ரயிலில் மறுநாள்தான் வந்து இறங்கும். சணல் கயிற்றை அரிவாளால் அறுத்து, மேலே கிழிந்திருக்கும் இரண்டு தாளைத் தனியே எடுத்து வைப்பாராம். விற்க முடியாத அந்தத் தாள்தான் வீட்டுக்கு. ஆச்சி எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியது அந்தக் கிழிந்த தாளில். தாத்தாவின் வலது கைக் கட்டைவிரல் ஓரத்தில் மை எப்போதும் இருக்கும், சாப்பிடும்போதும் இருக்கும்.

1983-இல் ஒரு கல்யாணத்துக்காக மெட்ராஸ் போனோம். எனக்குப் பதினோரு வயது. அப்பா கல்யாண வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் என்னை மட்டும் கூட்டிக்கொண்டு எக்ஸ்பிரஸ் எஸ்டேட்டுக்குப் போனார். வாசலில் இருந்தவரிடம் என்ன சொன்னாரோ, உள்ளே விட்டார்கள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு தூணின் மேல் கையை வைத்து நின்றார். நானும் வைத்தேன். வெளியே அவ்வளவு வெயில், தூண் சில்லென்று இருந்தது. "இங்கேயிருந்துதாம்ல நம்ம பேப்பர் வரும்" என்றார். நான் அங்கே வெள்ளைக்காரனைப் பார்க்கவில்லை.

தினமணி 1934 செப்டம்பர் 11-இல், பாரதி நினைவு நாளில் தொடங்கியது. முதல் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம், தென்காசிக்காரர். இங்கிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் தென்காசி. அந்த வளாகத்துக்குப் பத்திரிகை வருவதற்கு முன்பே அவர் விலகிவிட்டார், அதை மறைக்கவில்லை. அவருக்குப் பின் 1944 முதல் 1987 வரை ஏ.என். சிவராமன். ஒரே நாற்காலியில் நாற்பத்து மூன்று வருடம். 'கணக்கன்' என்ற பெயரில் அவர் எழுதியதைப் படித்துத்தான் எங்கள் கடைத் திண்ணையில் பொருளாதாரம் பேசினார்கள். அந்தத் திண்ணையில் பாதிப் பேர் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர்கள்.

"முதலாளி வடநாட்டவர், அதில் நமக்கு என்ன பெருமை அண்ணாச்சி?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதலாளியைப் பற்றி நான் எங்கே பேசினேன்? கட்டு கட்டியவனையும் எழுத்துக் கோத்தவனையும் பற்றிப் பேசுகிறேன். எஸ்டேட்டுக்கு வருவதற்கு முன், 1940-இல் எக்ஸ்பிரஸின் பழைய ஆபீஸ் தீயில் எரிந்தபோது, போட்டிப் பத்திரிகையான இந்து, தான் காலி செய்த மவுண்ட் ரோடு 100-ஆம் எண் கட்டடத்தைக் கொடுத்து உதவியது. பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு கட்டடத்தின் அருமை அப்படித் தெரிந்திருந்தது.

மாலால் எத்தனையோ பேருக்கு வேலை கிடைத்தது என்கிறார்கள். சரி, கிடைத்தது. நான் மறுக்கவில்லை. என் மகளே அங்கேதான் சினிமா பார்க்கப் போகிறாள்.

அறுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற உனக்கென்ன என்பவர்களுக்குத்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை. தள்ளி இருந்ததால்தானே அந்தப் பேப்பருக்காக ஸ்டேஷனில் காத்துக் கிடந்தோம்? மெட்ராஸ்காரனுக்கு அது வீட்டு வாசலில் வந்து விழுந்தது. எங்களுக்கு அது ஒன்றுதான் தமிழ்நாட்டிலிருந்து தினமும் வந்தது. எல்லையில் கிடப்பவனுக்கு எதுவும் சொந்தமில்லை என்று எப்போதுமே யாராவது வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள். மலையாளம் பேசுகிறாயா என்று அந்தப் பக்கம் போனால் கேட்பார்கள், இந்தப் பக்கம் போனால் கேரளாவா என்பார்கள்.

நம் ஊர் நுழைவு வளைவைப் பாருங்கள். துவாரபாலகர்கள் நிற்கிறார்கள், மேலே திருவிதாங்கூரின் சங்கு முத்திரை. ராஜா போய் எத்தனை காலம் ஆயிற்று? அந்நிய ராஜாவின் வளைவு, இடியுங்கள் என்று அந்தப் பேச்சாளர் இங்கே மேடை போட்டுச் சொல்வாரா? சொன்னால் ஊர் விடுமா? அதே நியாயத்தை அந்தத் தூண்களுக்குக் கேட்டால் மட்டும் எனக்கு வெள்ளைக்காரன் மேல் பாசம் என்கிறீர்கள்.

அந்த மால் இருக்கும் தெருவின் பெயர் இன்றும் கிளப் ஹவுஸ் ரோடு. கிளப்பின் பெயர் தெருவில் நிற்கிறது, எக்ஸ்பிரஸ் அவென்யூ என்று எக்ஸ்பிரஸ் பெயர் மாலில் நிற்கிறது. தினமணியின் பெயரை அந்த மேடையிலும் ஒருவர் சொல்லவில்லை.

கை தட்டியவர்களில் என் அண்ணன் மகனும் ஒருவன். வீடியோவில் தெளிவாகத் தெரிகிறான். நேற்று ராத்திரி கேட்டேன். "எனக்குத் தெரியாதே சித்தப்பா, நீங்க யாரும் சொல்லலையே" என்றான். தாத்தாவின் அரிவாள் இன்னும் பரணில்தான் இருக்கிறது. இறக்கிக் கொடுத்தேன். பிடியில் கறுப்பாக ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, இது என்ன சித்தப்பா என்று கேட்டான்.