இருபது நிமிடமாம், இருபது நிமிடம்!

இன்று காலை ஒன்பது மணிக்கு அந்த மனிதர் மறுபடியும் டிவியில் வந்துவிட்டார். அதே வெளிர்நீலச் சட்டை, அதே சிரிப்பு, நெஞ்சில் கை வைத்து அதே பேச்சு. "வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலிருந்து வெறும் 20 நிமிடம். இன்னும் இரண்டே இரண்டு மனைகள்தான் மீதி இருக்கின்றன. முந்துங்கள்!" சித்திரையிலும் இரண்டு மனைதான் மீதி இருந்தது. ஆவணி பிறந்துவிட்டது, இன்னும் அதே இரண்டு மனை. கையிலிருந்த தோசைத் திருப்பியை டிவி மேல் வீசாமல் அடக்கிக்கொண்டதற்கு ஒரே காரணம், டிவி எங்கள் காசில் வாங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவி போடுகிற வீடு எதுவாக இருந்தாலும் நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். மனை வாங்கலையோ மனை என்று ஒரு மணி நேரம் கூவுகிற அந்த நிகழ்ச்சிதான். மூலையில் பொடி எழுத்தில் 'விளம்பரதாரர் நிகழ்ச்சி' என்று போடுவார்கள். எழுபது வயதுக்காரர் கண்ணுக்கு அது தெரியுமா? எங்கள் மாமாவுக்குத் தெரியவில்லை. ராணிப்பேட்டை டேனரி ஒன்றில் 31 வருஷம் கணக்கு எழுதியவர். ஒரு ரூபாய் இடித்தாலும் ராத்திரி உட்கார்ந்து கண்டுபிடிக்கிறவர். அவரே ஏமாந்தார் என்றால், பேசியவர் சினிமாவில் எத்தனையோ படங்களில் பாசமான அப்பாவாக வந்தவர் என்பதுதான் காரணம். "அவரு பொய் சொல்லமாட்டாரும்மா" என்றார் மாமா. சினிமாவில் மகள் கல்யாணத்துக்கு நிலத்தை விற்றுக் கண்ணீர் விட்ட முகம் அது. அந்த முகத்தை வைத்துத்தான் இங்கே நிலம் விற்கிறார்கள்.

இலவச வேன் வரும், சைட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போன் செய்தார்கள். சரி என்று கிளம்பினோம். நான், இவர், மாமா, அத்தை, மகள். சி.எம்.சி. எதிரே வேன் எடுத்தபோது மணி 9.40. நான் கைப்பேசியில் நேரம் பார்த்தேன். 20 நிமிடம் என்றால் பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும் அல்லவா? க்ரீன் சர்க்கிள் நெரிசலைத் தாண்டவே 9.58 ஆகிவிட்டது. கோணவட்டம் போனது. பொய்கை வந்தது, 10.14. "இன்னும் எவ்வளவு தூரம்பா?" என்று இவர் கேட்டார். "தோ, வந்துடுச்சி சார்" என்றார் டிரைவர். பள்ளிகொண்டா, 10.27. "தோ, அந்த வளைவுதான் சார்." பைபாஸை விட்டு இடப்பக்கம் இறங்கினோம். தார் ரோடு ஒற்றை ரோடானது, ஒற்றை ரோடு மண் ரோடானது. ஏ.சி. என்று சொன்ன வேனில் வந்தது வெறும் காற்று, அதுவும் சூடாக. வேலூர் சித்திரை வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அத்தை முந்தானையை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டார். மகள் வாந்தி வருகிறது என்றாள். போய் இறங்கியபோது மணி 10.52.

72 நிமிடம்! ஞாயிற்றுக்கிழமை காலையில், பள்ளிக்கூட பஸ், காலேஜ் பஸ் எதுவும் இல்லாத ரோட்டில் 72 நிமிடம். அந்த 20 நிமிடத்தை எவன் எந்த வண்டியில் போய் அளந்தான் என்று கேட்டேன். சைட்டில் நின்ற பையன் சிரித்துக்கொண்டே, "பைபாஸ்ல நைட்டுல வந்தா வந்துடலாம் மேடம்" என்றான். ராத்திரியில் வந்தாலும் அந்த மண் ரோட்டுக்கே கால் மணி நேரம் வேண்டும். நெஞ்சுவலி என்றால் 20 நிமிடத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்பதற்காகத்தானே வயதானவர்கள் அந்த வரியைக் கேட்டு நிமிர்ந்து உட்காருகிறார்கள்? மாமாவுக்கு ஸ்டென்ட் வைத்து மூன்று வருஷம் ஆகிறது. தூரத்தைக் கிலோமீட்டரில் சொன்னால் பிடிபட்டுவிடுவோம் என்று நிமிடத்தில் சொல்கிறார்கள். எனக்கு வயிறு எரிவது அதற்குத்தான்.

அப்புறம் அந்த இடம். முகப்பில் பெரிய ஆர்ச், இரண்டு பக்கமும் சிமெண்ட் யானை. உள்ளே முழங்கால் உயரத்துக்கு வரிசையாக நட்ட மஞ்சள் கற்கள், அதில் சிவப்பில் நம்பர். டிவியில் காட்டிய பூங்கா என்பது ஒரு பிளாஸ்டிக் சறுக்குமரம். வெயிலில் தொட்டால் கை பொத்துப்போகும். சவுக்குக் குச்சியில் கட்டிய செடிகள் நின்றபடியே காய்ந்திருந்தன. மேல்நிலைத் தொட்டி இருந்தது, உண்மைதான். கிட்டே போய்ப் பார்த்தேன். ஏறுகிற குழாயும் இல்லை, இறங்குகிற குழாயும் இல்லை. "தண்ணி எத்தனை அடியில வருது?" என்று கேட்டதற்கு, "போர் போட்டா வந்துடும் மேடம்" என்றான் அந்தப் பையன். பாலாற்றைப் பார்த்து வளர்ந்த என்னிடம் போர் போட்டால் வந்துவிடும் என்கிறான்.

மாமா ஆர்ச் தூணில் சாய்ந்து நின்றார் பாவம், கால் வலி. பெயிண்ட் காயவில்லை. எங்கள் வேன் வருகிறது என்று தெரிந்துதான் அடித்திருப்பார்கள் போல. வெள்ளைச் சட்டையின் வலது கையில் முழங்கை வரை பச்சை. அந்தப் பையன் ஓடிவந்து தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டான். நெற்றியில் திருநீறு, வாயைத் திறந்தால் "அப்பா, அப்பா". அந்தப் பாசத்தில்தான் மாமா விழுந்தார். "அப்பா, 47ஆம் நம்பர் மனையை உங்களுக்குன்னே வெச்சிருக்கேன். கெழக்குப் பார்த்தது. ஒரு டோக்கன் அட்வான்ஸ் போட்டுடுங்க, வேற யாருக்கும் குடுக்கமாட்டேன்."

இங்கேதான் நம் சினிமா மேல் எனக்குக் கோபம் வருகிறது. நிலத்தில் ஏமாற்றுகிறவன் எப்படி இருப்பான் என்று இத்தனை வருஷம் நமக்கு என்ன காட்டினார்கள்? வெள்ளை வேட்டி, கழுத்தில் தடிச் சங்கிலி, பின்னால் நாலு சுமோ. பத்திரத்தை நீட்டிக் கையெழுத்துப் போடு என்று மிரட்டுவான், கதாநாயகன் வந்து அடித்துப்போடுவான். நானும் அப்படி ஒருத்தனைத்தான் எதிர்பார்த்திருக்கிறேன். கைக்குட்டையால் சட்டை துடைத்துவிட்டு, பிரியாணிப் பொட்டலம் கொடுத்து, கையைப் பிடித்து வேனில் ஏற்றிவிடுகிற பையனை எந்தப் படமும் எனக்குக் காட்டவில்லை. சினிமாவில் வாடகை கொடுக்க முடியாத குமாஸ்தாவின் வீட்டில் முற்றம், ஊஞ்சல், மாடிப்படி எல்லாம் இருக்கும். சொந்த வீடு வாங்க வேண்டும் என்றால் ஒரு பாட்டு. பாட்டு முடிவதற்குள் பால் பொங்கிவிடும். சார்பதிவாளர் ஆபீஸ் வராண்டாவில் டோக்கன் நம்பர் கூப்பிடக் காத்திருக்கிற காட்சியை எத்தனை படத்தில் பார்த்திருக்கிறீர்கள்?

1988இல் வந்த பாலு மகேந்திராவின் 'வீடு' ஒன்றுதான் எனக்கு உண்மையாகப் பட்டது. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம். காண்டிராக்டர் சிமெண்டைத் திருடுவது, லோனுக்கு அலைவது, கட்டி முடியாத வீட்டைத் தாத்தா வந்து தடவிப் பார்ப்பது, கடைசியில் அந்த நிலம் குடிநீர் வாரியம் எடுத்த நிலம் என்று வந்து சொல்வது. பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் போட வேண்டியது அந்தப் படத்தைத்தான்.

வெளிநாட்டு வீட்டு நிகழ்ச்சிகள் மட்டும் யோக்கியமா? என் மகள் அமெரிக்காவின் 'ஹவுஸ் ஹன்டர்ஸ்' பார்ப்பாள். 1999இல் தொடங்கியது. ஒரு தம்பதிக்கு மூன்று வீடு காட்டுவார்கள், கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். நானும் அவளோடு உட்கார்ந்து இரண்டாவது வீட்டை எடு, சமையலறை பெரிசாக இருக்கிறது என்று கத்தியிருக்கிறேன். 2012இல் அதில் கலந்துகொண்ட ஒரு பெண்ணே உண்மையைச் சொல்லிவிட்டாராம். வீட்டை முன்பே வாங்கிவிட்டார்களாம். மற்ற இரண்டும் விற்பனைக்கே இல்லாத, நண்பர்களின் வீடுகளாம். வாங்குவதில் வெகுதூரம் முன்னேறியவர்களைத்தான் தேடி எடுக்கிறோம் என்று சேனலும் ஒப்புக்கொண்டது. எனக்கு அதுவும் துரோகம்தான். ஆனாலும் அங்கே வீடு என்று ஒன்று நிற்கிறது, கதவு இருக்கிறது, குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. பார்க்கிறவர் பி.எஃப். பணத்தை யாரும் கேட்கவில்லை.

மாமா 25,000 ரூபாய் டோக்கன் கொடுத்தார். நான் தடுக்கத் தடுக்கக் கொடுத்தார். சர்வே நம்பர் கொடுங்கள், வில்லங்கம் போட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டதற்கு, ஆபீசில் தருவார்கள் என்றான். ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் கேட்டேன். "எல்லாம் அப்ரூவ்டு மேடம்" என்றான். என்ன அப்ரூவல், நகர் ஊரமைப்புத் துறையின் டி.டி.சி.பி.யா, வெறும் பஞ்சாயத்தா? அதற்கும் சிரிப்புதான். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி விளம்பரத்திலேயே பதிவு எண்ணையும் ஆணையத்தின் இணையதள முகவரியையும் பளிச்சென்று போட வேண்டும். இன்று காலை டிவியை நிறுத்தி நிறுத்திப் படம் எடுத்துப் பார்த்தேன். கீழே எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு வரி, இரண்டு விநாடி. பெரிதாக்கினாலும் படிக்க முடியவில்லை. 'சதுர அடி 800 ரூபாய் மட்டுமே' என்பதை மட்டும் திரை அகலத்துக்குப் போடத் தெரிகிறது. 1,200 சதுர அடி, 9 லட்சத்து 60 ஆயிரம். அந்த விலைக்கே பத்திரம் போட்டாலும் முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 86,400 ரூபாய். பெண் பெயரில் 10 லட்சத்துக்குள் பதிந்தால் 1 சதவீதம் குறையும் என்பது மக்களுக்கு உபயோகமான செய்தி. ஒரு மணி நேர நிகழ்ச்சியில் இதைச் சொல்ல அரை நிமிடம் கிடைக்கவில்லையா?

இடம் வேண்டாம், டோக்கனைத் திருப்பிக் கொடுங்கள் என்று நாலு மாதமாகக் கேட்கிறோம். அக்கவுண்ட்ஸ் சார் லீவு. அக்கவுண்ட்ஸ் சார் சென்னை போயிருக்கிறார். அக்கவுண்ட்ஸ் சார் வீட்டில் விசேஷம். போன வாரம் அந்தப் பையனே, "யாரு, எந்த அப்பா?" என்று கேட்டான். மாமா போனைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. 25,000 போனதைவிட அந்த ஒரு வார்த்தை அவரை அடித்துவிட்டது. இன்று காலை அந்த நடிகர் வந்ததும் தானாக எழுந்து உள்ளே போய்விட்டார். பச்சைப் பெயிண்ட் சட்டையை மண்ணெண்ணெய், டர்பன்டைன் எல்லாம் போட்டுத் துவைத்துவிட்டேன். கறை போகவில்லை. தூக்கிப் போடவும் விடமாட்டேன் என்கிறார்.

அந்த நடிகரை ஒரே ஒரு நாள், சித்திரை வெயிலில், அதே வேனில் உட்காரவைத்து அழைத்துப் போக வேண்டும். 9.40க்கு எடுக்கட்டும். பத்து மணிக்கு அவர் எங்கே இருக்கிறார் என்று கேமராவைப் பார்த்துச் சொல்லட்டும். நெஞ்சில் கை வைத்தே சொல்லட்டும்.

இன்னும் எழுத இருக்கிறது. கீழே மோட்டார் நின்றுவிட்டது. அரை மணி நேரம் விடுவேன் என்று சொன்ன ஹவுஸ் ஓனரம்மா கால் மணி நேரத்தில் நிறுத்திவிட்டார். ஒன்பது வருஷமாக வாடகையை மட்டும் வருஷா வருஷம் தவறாமல் ஏற்றுகிறார், சுவரில் ஓர் ஆணி அடித்தால் மாடிக்கு வந்து நிற்கிறார், தண்ணீர் மட்டும் இந்தக் கதி. இரண்டு குடம் காலி. நான் கீழே போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.