ஒகினாவாவுக்கு ஒரு வாரம்: முதலில் அந்த எக்செல் ஷீட்டை மூடி வையுங்கள்

போன வாரம் கல்லூரி நண்பன் ஒருவன் சென்னையிலிருந்து ஓர் எக்செல் ஷீட் அனுப்பினான். நான்கு பேர், ஏழு நாள், ஜப்பானின் தென்மேற்குக் கோடித் தீவுக்கூட்டமான ஒகினாவா. முதல் நாள் நஹா நகரம். இரண்டாம் நாள் மீன் காட்சியகம். மூன்றாம் நாள் இஷிகாகித் தீவுக்கு விமானம். நான்காம் நாள் காலை தாகெதொமி, பிற்பகல் இரியொமொதே. ஐந்தாம் நாள் மியாகோ. ஏழாம் நாள் காலையில் கெராமா தீவில் ஆமை பார்த்துவிட்டு, மாலையில் டோக்கியோ விமானம். மணிக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு வண்ணம். "நீ அங்கேயே இருக்கிறவன், ஒரு தடவ பாத்துச் சொல்லுடா" என்றான்.

நான் அங்கே இல்லை. டோக்கியோவில் இருக்கிறேன். இங்கிருந்து ஒகினாவா 1,500 கிலோமீட்டருக்கு மேல். விமானத்திலேயே இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். நஹாக்காரர்களுக்கு டோக்கியோவைவிடத் தைவானின் தைபே நகரம்தான் பக்கம். ஆனாலும் மூன்று தடவை போய்வந்தவன், அதில் ஒரு தடவை நன்றாக மாட்டிக்கொண்டவன் என்ற தகுதியில் சொல்கிறேன். இதே கேள்வியைக் கேட்கிற மற்றவர்களுக்கும் இதுதான் பதில்: ஒரு வாரம்தான் இருக்கிறதென்றால், நஹா இருக்கிற ஒகினாவாவின் பிரதான தீவோடு நின்றுகொள்ளுங்கள். அதிலும் ஒரு நாளைக் காலியாக விடுங்கள்.

வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். நஹாவிலிருந்து இஷிகாகி ஏறக்குறைய 400 கிலோமீட்டர். பயணிகள் கப்பல் கிடையாது, விமானம்தான். பறப்பது ஒரு மணி நேரம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காரைத் திருப்பிக் கொடுத்து, விமான நிலையத்தில் காத்திருந்து, இறங்கி, மறுபடி ஒரு கார் எடுத்துக் கிளம்புவதற்குள் அரை நாள் போய்விடும். இப்படி மூன்று தடவை தீவு மாறினால் வாரத்தில் ஒன்றரை நாள் பெட்டியை உருட்டியே தீரும். இரியொமொதே தீவில் தொண்ணூறு சதவீதம் காடு. சில இடங்களுக்கு உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் போக முடியாது, நாளுக்கு இத்தனை பேர்தான் என்ற கணக்கும் உண்டு. அதைப் போய் மதியச் சாப்பாட்டுக்கும் மாலைக் காபிக்கும் நடுவில் செருகியிருக்கிறான்! அந்தப் பக்கத்துத் தீவுகளுக்கென்று தனியாக ஒரு வாரம் ஒதுக்கி இன்னொரு தடவை வாருங்கள்.

அடுத்தது மாதம். இடங்களின் பட்டியலுக்கு முன்னால் நாட்காட்டியைப் பாருங்கள். மே மாதத்தில் மழைக்காலம் தொடங்கி ஜூன் 20 வாக்கில் முடியும். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை சூறாவளி. ஆகஸ்டும் செப்டம்பரும்தான் உச்சம். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை ஜப்பானியர்களின் நீண்ட விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் முன்னோர்களுக்கான ஒபோன் விடுமுறை. இந்த இரண்டு சமயங்களிலும் அறை வாடகையைக் கேட்டால் தலை சுற்றும். ஜனவரியிலேயே செர்ரி பூத்துவிடும், டோக்கியோவில் பார்க்கிற வெளிறிய நிறமில்லை, அடர்ந்த ரோஜா நிறம். ஜனவரி முதல் மார்ச் வரை கெராமா பக்கம் திமிங்கிலம் வரும். ஆனால் அப்போது குளிக்க முடியாது, தண்ணீர் சில்லிடும். என் ஓட்டு நவம்பருக்கு.

முதல் தடவை நான் போனது ஆகஸ்டில். டிக்கெட் மலிவாகக் கிடைத்தது. ஏன் மலிவு என்று யோசிக்கவில்லை. மூன்றாம் நாள் சூறாவளி வந்தது. இரண்டு நாள் ஓட்டல் அறையில். முதல் நாள் மாலையே கடைகளில் ரொட்டி, ஓனிகிரி என்கிற சோற்று உருண்டை எல்லாம் காலி. ஊர்க்காரர்கள் செய்தியைப் பார்த்து முன்னாடியே வாங்கிப் போய்விட்டார்கள், நான் ஜன்னல் வழியாகத் தென்னை வளைவதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். கப்பல் இல்லை, விமானம் இல்லை. ஐந்தாம் நாளில் வைத்திருந்த கெராமா பயணம் அப்படியே போயிற்று.

அதனால்தான் கடல் சம்பந்தப்பட்டது எதுவானாலும் வாரத்தின் தொடக்கத்திலேயே வையுங்கள் என்கிறேன். கெராமாவுக்கு நஹாவின் தொமாரி துறையிலிருந்து கப்பல். அந்தக் கூட்டத்திலுள்ள டொகாஷிகித் தீவுக்கு விரைவுப் படகில் 35 நிமிடம், பெரிய கப்பலில் 70 நிமிடம். இரண்டாம் நாள் போக முடியாவிட்டால் மூன்றாம் நாள், அதுவும் இல்லாவிட்டால் நான்காம் நாள். அலை எழும்பினால் திரும்பும் கப்பலும் ரத்தாகும். ஊருக்குக் கிளம்புகிற நாளில் கெராமாவை வைப்பது விமானத்தை வேண்டுமென்றே தவறவிடுவதற்குச் சமம். அப்புறம், கோடையில் குளிப்பதானால் வலை கட்டிய கடற்கரையாகப் பார்த்து இறங்குங்கள். ஹபு ஜெல்லிமீன் என்று ஒன்று உண்டு, கொட்டினால் சாதாரண வலி இல்லை. பல கடற்கரைகளில் வினிகர் பாட்டிலே வைத்திருப்பார்கள். நம் வீட்டுப் பெண்களுக்கு ஒரு நல்ல செய்தி: ஒகினாவாக்காரர்கள் பலரும் டி-ஷர்ட், கால்சட்டையோடுதான் கடலில் இறங்குவார்கள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கார் கட்டாயம். தீவில் ரயில் என்று இருப்பது நஹாவின் மோனோரயில் ஒன்றுதான், 17 கிலோமீட்டர். தீவோ நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளம். பேருந்து உண்டு, பொறுமையும் வேண்டும். இந்தியாவில் ஆர்டிஓ தருகிற சர்வதேச ஓட்டுநர் உரிமம் இங்கே செல்லும். நம்மூர் போலவே இடப்பக்கம் ஓட்டலாம். "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று மட்டும் போகாதீர்கள். நான் அப்படித்தான் போனேன். கார் இல்லையென்று நான்கு இடத்தில் சொன்னார்கள். ஐந்தாவது இடத்தில் கிடைத்தது, ஆனால் அவர்கள் அலுவலகம் விமான நிலையத்தில் இல்லை. வேனில் ஏற்றிப் போய், ஒன்றேகால் மணி நேரம் வரிசையில் உட்காரவைத்துச் சாவி கொடுத்தார்கள்.

இடப்பக்கம் என்றேனே, அதற்கே ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கர்கள் ஆட்சியில் ஒகினாவாவில் வலப்பக்கம்தான் ஓட்டினார்கள். 1972 மே 15 அன்று தீவு ஜப்பானிடம் திரும்பிய பிறகும் ஆறு வருடம் அப்படியே தொடர்ந்தது. 1978 ஜூலை 30, காலை 6 மணிக்கு மொத்த மாகாணமும் ஒரே நேரத்தில் இடப்பக்கம் மாறியது. மாதம் ஏழு, நாள் முப்பது என்பதால் அந்த நாளுக்கு "நானசன்மரு", அதாவது 730 என்றே பெயர். இன்றும் 58ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே போனால் பல கிலோமீட்டருக்கு அமெரிக்கப் படைத்தளங்களின் கம்பிவேலி கூடவே வரும். ஜப்பானின் நிலப்பரப்பில் ஒகினாவா வெறும் 0.6 சதவீதம்; ஜப்பானில் அமெரிக்கப் படைகள் தங்களுக்கென்றே வைத்திருக்கும் இடங்களில் ஏறக்குறைய 70 சதவீதம் இங்கேதான். "ஜப்பானின் ஹவாய்" என்று ஒகினாவாவை விளம்பரம் செய்கிறவர்கள் மேல் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

மூன்றாவது தடவை, போன நவம்பரில், தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவோடு போனேன். அம்மா சுத்த சைவம். ஒகினாவா பன்றியைக் கொண்டாடுகிற ஊர், காது முதல் கால் வரை. அதைக்கூடத் தவிர்த்துவிடலாம், கண்ணுக்குத் தெரியாத எதிரி கட்சுவோபுஷி. சூரை மீனை வேகவைத்துப் புகையிட்டுக் கட்டையாகக் காயவைத்துச் சீவுவது. அப்பா ஒரு துண்டை மோந்து பார்த்துவிட்டு, "ஏல, இது நம்ம மாசில்லா" என்றார். மாசிக் கருவாடேதான், கொஞ்சம் ஜப்பானியப் படிப்பு படித்தது. காய்கறி என்று கேட்டு வாங்கினாலும் குழம்பில் அதன் சாறு இருக்கும், மேலே அதையே தூவியும் தருவார்கள். ஆகவே சைவக்காரர்கள் சமையலறை உள்ள அறையாகப் பார்த்து எடுங்கள். நான் கொடுக்கிற யோசனைகளிலேயே உருப்படியானது இதுதான்.

ஏனென்றால் அந்த ஊர்க் காய்கறிச் சந்தைக்கு அம்மாவை அழைத்துப் போனபோதுதான் எங்கள் பயணமே தொடங்கியது. பாகற்காய், அதை கோயா என்பார்கள். நீர்ப்பூசணி. பச்சைப் பப்பாளி. சர்க்கரைவள்ளிக்கிழங்கு, உள்ளே கத்தரிப்பூ நிறம். மஞ்சளைத் தேநீராகவே விற்கிறார்கள். பீர்க்கங்காயின் நெருங்கிய சொந்தக்காரன் ஒன்று, நாபேரா என்று பெயர், முற்றிக் காய்ந்தால் அதன் நாரில் பாத்திரம் தேய்ப்பார்களாம். பெயருக்கே 'பாத்திரம் கழுவி' என்று பொருள் சொல்கிறார்கள். அம்மா எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு, "இந்தப் பாவக்காய வாங்கவா பிளேன் ஏறி வந்தோம்?" என்றாள். ஆனால் ஒரு கிலோ வாங்கினாள். அன்று இரவு கெட்டியான தீவு டோஃபுவைப் போட்டுப் பாகற்காய்ப் பொரியல். அப்பாவுக்குக் கொகுத்தோ என்கிற கரும்பு வெல்லம் பிடித்துப்போனது. எட்டுச் சின்னத் தீவுகளில் காய்ச்சுகிறார்கள், கட்டி கட்டியாக விற்பார்கள். உடன்குடிக் கருப்பட்டிக்குப் பக்கத்தில் வராது என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டே பாக்கெட்டைக் காலி செய்தார். அம்மாவுக்குத் தைரியமாகத் தந்தது ஜீமாமி டோஃபு: நிலக்கடலைப் பாலும் கிழங்கு மாவும் சேர்த்துக் கிண்டுவது. மேலே ஊற்றத் தருகிற சாஸில் மீன் இருக்கலாம், அதை மட்டும் ஓரமாக வைத்துவிட வேண்டும்.

தெற்குப் பகுதிக்கு ஒரு முழு நாள் வையுங்கள். நண்பனின் ஷீட்டில் அது இல்லவே இல்லை. "டூர்ல எதுக்குடா சோகம்" என்றான். 1945 ஏப்ரல் முதல் ஜூன் வரை நடந்த போரில் இந்தத் தீவில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல் ஒகினாவாக்காரர்கள், ஏறக்குறைய நான்கில் ஒருவர். தெற்கு முனையில் மபுனி என்ற இடத்தில் கடலைப் பார்த்து விசிறி வடிவில் கருங்கல் சுவர்கள் நிற்கின்றன. 1995இல் திறந்தார்கள். எந்த நாட்டுக்காரர், சிப்பாயா, சாதாரண ஜனமா என்று பார்க்காமல் 2,40,000க்கு மேற்பட்ட பெயர்களை வெட்டியிருக்கிறார்கள். அமெரிக்கர்கள் பெயரும் உண்டு. எனக்கு ஜப்பானிய எழுத்து ஓரளவு படிக்க வரும். ஒகினாவாக்காரர்களுக்கான சுவர்களில் சில இடங்களில் பெயரே இல்லை. 'இன்னாரின் மூத்த மகள்', 'இன்னாரின் பிள்ளை' என்று மட்டும் இருக்கும். பெயர் சொல்லக்கூட ஆள் மிஞ்சாத குடும்பங்கள். அப்பாவுக்கு இதைச் சொன்னேன். அதற்கப்புறம் அவர் ஒவ்வொரு சுவரிலும், "இதுல அப்படி எங்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

பக்கத்திலேயே ஹிமெயுரி என்ற மாணவிகள் பிரிவின் நினைவகம். அதே போரில் ஜப்பானிய ராணுவ மருத்துவமனையில் வேலை செய்ய 222 மாணவிகளையும் 18 ஆசிரியர்களையும் கூட்டிப் போனார்கள். குகைகள்தான் மருத்துவமனை. ஜூன் 18 அன்று, குண்டு மழைக்கு நடுவில், "பிரிவு கலைக்கப்பட்டது, இனி அவரவர் வழி" என்று உத்தரவு. இறந்தவர்கள் 136 பேர், பெரும்பாலோர் அந்த உத்தரவுக்குப் பிறகு. குழந்தைகளோடு போகிறவர்கள் யோசித்துப் போங்கள். ஆனால் போங்கள்.

ஒகினாவாவின் பழைய அரசர்கள் இருந்த ஷூரி அரண்மனையை விரிவாக எழுதப் போவதில்லை. 1945இல் அழிந்தது, 1992இல் மீண்டும் எழுப்பினார்கள், 2019 அக்டோபர் 31 அதிகாலைத் தீயில் பிரதான மண்டபம் மறுபடி போனது, மறுபடி கட்டுகிறார்கள். மீன் காட்சியகத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள்: 75 லட்சம் லிட்டர் தொட்டி, உள்ளே திமிங்கிலச் சுறா. அம்மா அசந்துபோய் நின்றாள். நஹாவிலிருந்து இரண்டு மணி நேரம் ஓட்ட வேண்டும், அதனால் அந்த வட்டாரத்திலேயே மூன்று இரவு தங்கிவிடுங்கள்.

அங்கிருந்து இன்னும் வடக்கே யம்பாரு காடு. 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இங்கே பறக்கத் தெரியாத பறவை ஒன்று உண்டு, யம்பாரு குயினா. 1981இல்தான் புது இனமாகப் பதிவானது. அதற்கு எமனாக வந்தது நம் நாட்டுச் சரக்கு. ஹபு என்கிற விஷப்பாம்பை ஒழிக்க 1910இல் வதாசே ஷோசாபுரோ என்ற விலங்கியல் பேராசிரியர் கங்கை முகத்துவாரத்திலிருந்து கீரிகளைக் கொண்டுவந்து விட்டார். ஹபு இரவில் திரியும், கீரி பகலில். இரண்டும் சந்தித்துக்கொள்ளவே இல்லை! நம்மூர்ச் சந்தைகளில் "இதோ பாம்புக்கும் கீரிக்கும் சண்டை விடப் போறேன்" என்று கடைசிவரை விடாமலே தாயத்து விற்பார்களே, அந்தக் கதைதான். கீரி பாம்பை விட்டுவிட்டுப் பறவையைப் பிடித்தது. இப்போது குறுக்கே வேலி போட்டு, பொறி வைத்துப் பிடிக்கிறார்கள். வடக்கே அமாமி ஓஷிமா தீவில் 1979இல் விட்ட கீரிகளை முழுக்க ஒழித்துவிட்டதாக 2024 செப்டம்பரில் அறிவித்தார்கள். சாலையில் 'பறவை குறுக்கே வரும்' என்ற பலகை இருக்கும், மெதுவாக ஓட்டுங்கள்.

வழியில் ஓகிமி கிராமத்தில் கிஜோகா என்ற ஊர். வாழைநாரில் துணி நெய்கிறார்கள், பாஷோஃபு என்று பெயர். போருக்குப் பின் அழியப் போன தொழிலைப் பிடித்து நிறுத்தியவர் தைரா தொஷிகோ, 2022இல் 101 வயதில் காலமானார். ஒரு கிமோனோவுக்கான துணிக்கு ஏறக்குறைய 200 வாழை வேண்டுமாம். பூத்தொடுக்க வாழைநார் கிழித்தே பழகிய அம்மா அந்தத் துணியைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள். விலையைச் சொன்னபோது நகர்ந்துவிட்டாள்.

காலியாக விட்ட நாளில் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். பீசே என்ற கிராமத்தில் புயலுக்குத் தடுப்பாக வீடுகளைச் சுற்றி ஃபுகுகி மரங்களை நட்டு வைத்திருக்கிறார்கள், அந்த நிழல் சந்துகளில் நடந்தோம். அப்பா ஒரு திண்டில் உட்கார்ந்து தூங்கினார். அம்மா துணி துவைத்துக் காயப்போட்டாள்.

இதையெல்லாம் நண்பனுக்குக் குரல் பதிவாக அனுப்பினேன், மொத்தம் பதினோரு நிமிடம். நேற்று இரவு திருத்திய ஷீட் வந்தது. இஷிகாகி இல்லை, மியாகோ இல்லை, மபுனி இருக்கிறது. ஆறாம் நாள் கட்டத்தில் வண்ணம் அடிக்காமல் விட்டிருக்கிறான். அதில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: "இஷிகாகி, ஒரே நாள்ல போய்ட்டு வர முடியுமா? செக் பண்ணணும்."