நாடு மாறும்போது யாருடைய வருடங்கள் கணக்கில் வருகின்றன?

வேறு நாட்டுக்கு மாற்றும்போது கம்பெனிகள் ‘ரீலொக்கேஷன் பேக்கேஜ்’ என்று ஒன்று கொடுக்கும். விமான டிக்கெட், சாமான் அனுப்பும் செலவு, போய் இறங்கியதும் தங்க ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட். மனைவியின் படிப்பைப் பற்றியோ வேலையைப் பற்றியோ அதில் ஒரு வரி இருந்து நான் பார்த்ததில்லை.

துபாய், சிங்கப்பூர், இப்போது ஜெர்மனியில் மியூனிக். இப்படி மாறி மாறி வாழ்ந்தபின் எனக்கு ஒரு விஷயம் உறுதியாகத் தெரிகிறது. ஒருமுறை வெளிநாடு போய் அங்கேயே வேரூன்றுவது வேறு. திரும்பத் திரும்ப நாடு மாறுவது வேறு. வேலைக்காக மாறுகிறவருக்கு ஒவ்வொரு நாடும் ரெஸ்யூமில் கூடுதலாக ஒரு வரி. கூடப் போகிறவர் ஒவ்வொரு இடத்திலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்தச் செலவை யாரும் எழுதிப் பார்ப்பதில்லை.

நான் பல் மருத்துவர், சென்னையில் படித்தவள். துபாயில் வேலை பார்க்க, முதலில் சான்றிதழ்கள் எல்லாம் டேட்டாஃப்ளோ என்ற நிறுவனத்தின் சரிபார்ப்புக்குப் போக வேண்டும். அப்புறம் அங்குள்ள சுகாதாரத் துறையின் தேர்வு. எழுதினேன், உரிமம் வாங்கினேன், ஒரு கிளினிக்கில் வேலை பார்த்தேன். கணவருக்குச் சிங்கப்பூருக்கு மாற்றல் வந்தது. அங்கே அங்கீகரிக்கப்பட்ட பல் மருத்துவப் பட்டங்களின் பட்டியலில் என் பட்டம் இல்லை. சரி, வேறு வேலையாவது பார்க்கலாம் என்றால் அதற்கும் வழி குறுகிவிட்டது. 2021 மே 1 முதல் டிபென்டன்ட் பாஸில் (வேலை பார்ப்பவரின் குடும்பத்துக்குத் தரும் அனுமதி) இருப்பவர்கள் வேலை பார்க்கத் தனியாக ஒரு வேலை பாஸ் வாங்க வேண்டும். நமக்காக அதற்கு விண்ணப்பிக்க ஒரு முதலாளி கிடைக்க வேண்டும். பல்லைத் தொடாமலே அந்த ஊர் வாழ்க்கை முடிந்தது.

ஜெர்மனி இந்த விஷயத்தில் நியாயமான நாடு. ப்ளூ கார்டு (பட்டம் படித்த வெளிநாட்டு ஊழியருக்குத் தரும் அனுமதி) வைத்திருப்பவரின் துணைக்கு வேலை பார்க்க எந்தத் தடையும் இல்லை. ஆனால் மருத்துவத் தொழிலுக்கு அப்ரோபேஷன் என்ற உரிமம் வேண்டும். அதற்குப் பொதுவான ஜெர்மன் பி2 அளவில் (ஏ1 முதல் சி2 வரையான ஆறு படிகளில் நான்காவது), அதன்மேல் சி1 அளவில் பல் மருத்துவத்துக்கான மொழித் தேர்வு, அப்புறம் படிப்பு சமமில்லை என்று முடிவானால் அறிவுத் தேர்வு. வேலை பார்த்த நாட்டிலிருந்து, ‘இவர் மீது தொழில்ரீதியாகப் புகார் எதுவும் இல்லை’ என்று ஒரு குட் ஸ்டாண்டிங் சான்றிதழும் கேட்பார்கள். அது பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். துபாயிலிருந்து அது வந்து, மொழிபெயர்த்து முத்திரை வாங்குவதற்குள் தேதி தாண்டிவிடுமோ என்ற பதைப்பு, இதே வழியில் வந்தவர்களுக்குத் தெரியும்.

அதனால் கிளம்பும் முன்பே, அந்த நாட்டில் இருக்கும்போதே, இந்தக் காகிதங்களை வாங்கி வையுங்கள். தேதி கடந்துபோனாலும் பழைய பதிவு எண் கையில் இருந்தால் புதிதாக வாங்குவது எளிது. பிள்ளையின் தடுப்பூசிப் பதிவும் அப்படித்தான். ஜெர்மனியில் 2020 மார்ச் முதல், தட்டம்மைத் தடுப்பூசிக்கு ஆதாரம் காட்டாமல் கிண்டர்கார்டனில் சேர்க்கவே முடியாது. நம் ஊர் டாக்டர் கிறுக்கலாகத் தேதி போட்டு, மருந்து லேபிளை ஒட்டித் தந்த அந்தச் சின்னப் புத்தகத்தைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். இந்திய சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடாதீர்கள். ஓடிபி வராத ஒரே காரணத்துக்காக ஊர் வங்கிக் கணக்கு கைக்கு எட்டாமல் போய்விடும்.

பணம் விஷயத்தில் மிகவும் நெருக்கும் நேரம், இரண்டு நாடுகளுக்கு நடுவே நிற்கும் அந்த ஒன்றிரண்டு மாதங்கள்தான். சிங்கப்பூரை விட்டுக் கிளம்பும் வெளிநாட்டு ஊழியருக்குத் தர வேண்டிய பணத்தை, வரிக் கணக்கு தீரும்வரை முதலாளி பிடித்து வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆகக் கடைசிச் சம்பளம் அங்கே நிற்கும். இங்கே வீட்டுக்காரர் மூன்று மாத வாடகைவரை முன்பணம் கேட்கலாம். அதையும் கொடுத்துச் சாவி வாங்கிக் கதவைத் திறந்தால், சமையலறை என்று சொன்ன அறையில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு குழாய்கள், ஒரு பிளக் பாயின்ட். அவ்வளவுதான். ஜெர்மனியில் பல வாடகை வீடுகள் இப்படித்தான். சிங்க், அடுப்பு, அலமாரி எல்லாம் நாமே வாங்கி மாட்ட வேண்டும். கம்பெனி தரும் பேக்கேஜில் இதற்கும் இடம் கிடையாது. கையில் ஒரு மூன்று மாதச் செலவுக்காவது பணம் இல்லாமல் இடம் மாறச் சம்மதிக்காதீர்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் தமிழும் ஓர் ஆட்சிமொழி. என் மகன் அங்கே அரசுப் பள்ளியில் தமிழை ஒரு பாடமாகப் படித்தான். சென்னையில் இருந்திருந்தால்கூட இவ்வளவு ஆசையாகப் படித்திருப்பானா என்பது சந்தேகம். துபாயில் பள்ளிக் கட்டணம் வீட்டு வாடகைக்குப் போட்டியாக நின்றது. இங்கே அரசுப் பள்ளிக்குக் கட்டணமே இல்லை. பொது மருத்துவக் காப்பீட்டில், வருமானம் இல்லாத நானும் மகனும் தனியாகப் பணம் கட்டாமலே சேர்ந்துவிட்டோம். கோயம்புத்தூர் கிரைண்டர் எங்களோடு எல்லா நாட்டுக்கும் வந்தது. துபாய், சிங்கப்பூர், ஜெர்மனி எல்லாமே நம் ஊர் மின்னழுத்தம்தான், பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். ஞாயிற்றுக்கிழமை அது சுற்றும் சத்தம் கேட்டாலே வீட்டில் எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிடும்.

ஆனால் அந்தப் பிள்ளையைத்தான் மாற்றம் அதிகம் பாதிக்கிறது. இங்கே பவேரியாவில், நான்காம் வகுப்பு முடிவிலேயே பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளிகளுக்குப் பிரித்துவிடுகிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு நேராகப் போகும் கிம்னாசியத்தில் தனித் தேர்வு இல்லாமல் சேர, மூன்று பாடங்களின் சராசரி 2.33-க்குள் இருக்க வேண்டும். 1 என்பதுதான் இங்கே மிகச் சிறந்த மதிப்பெண். மூன்றில் ஒன்று ஜெர்மன். மூன்றாம் வகுப்பில் ஒரு வார்த்தை ஜெர்மன் தெரியாமல் வந்து இறங்கும் குழந்தைக்கு அந்த வரம்பை 3.33 வரை தளர்த்தலாம் என்று விதி உண்டு. ஆனாலும் வகுப்பில் ஜெர்மன் பேசியே வளர்ந்த குழந்தைகளோடுதான் அது உட்கார வேண்டும். பின்னால் மாறிக்கொள்ள வழிகள் உண்டு. ஆனாலும் ஒன்பது வயதுப் பிள்ளை, ‘அம்மா, நான் முட்டாளா?’ என்று கேட்கும் நிலை வரக் கூடாது. ஊர்ப் பக்கமும் இதே கதைதான். சிபிஎஸ்இயில் ஒன்பதாம் வகுப்பிலேயே பதிவு செய்துவிடுவார்கள், பத்தாம் வகுப்பில் நேராகச் சேர்ப்பது கடினம். ஆகவே எந்த நாட்டுக்கு என்று பார்ப்பதற்கு முன்பே, பிள்ளை எந்த வகுப்பில் என்று பார்க்க வேண்டும்.

அப்புறம் வருடக் கணக்கு. துபாயில் எத்தனை வருடம் உழைத்தாலும் கிராஜுவிட்டி கிடைக்கும், சாதாரண வேலை விசாவில் நிரந்தர உரிமை கிடைக்காது. சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருப்பவருக்கு சிபிஎஃப் என்ற சேமநிதி கிடையாது. ஜெர்மனியில் ப்ளூ கார்டுக்காரர் பி1 அளவு ஜெர்மன் தெரிந்தால் 21 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம். ஆனால் ஓய்வூதியம் வேண்டுமானால் குறைந்தது ஐந்து வருடம் பணம் கட்டியிருக்க வேண்டும். இதற்கு நடுவே கிளம்பினால் எல்லாம் அரைகுறை. நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் எந்த நாட்டிலும் முழுக் கணக்கு இல்லாமல் நிற்பது சின்ன விஷயம் இல்லை.

அப்பா அம்மாவை நினைத்தால்தான் மனம் அதிகம் கனக்கிறது. துபாயிலோ சிங்கப்பூரிலோ ஏறினால் நாலு மணி நேரத்தில் சென்னை. இங்கிருந்து வழியில் எங்காவது இறங்கி விமானம் மாறித்தான் போக வேண்டியிருக்கிறது. அவர்கள் இங்கே வந்தாலும் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம்.

கணவருக்கு இப்போது டொரான்டோவிலிருந்து அழைப்பு வந்தது. இந்த முறை பேக்கேஜில் மூன்று விஷயங்களை எழுதிக் கேட்கச் சொன்னேன்: என் உரிமத் தேர்வுகளுக்கான செலவு, மகன் நான்காம் வகுப்பை இங்கேயே முடிக்கும்வரை அவகாசம், பெற்றோரைப் பார்த்து வர வருடத்துக்கு ஒருமுறை டிக்கெட். டிக்கெட் தருகிறோம், மற்ற இரண்டும் முடியாது என்று பதில் வந்தது. நாங்கள் போகவில்லை. அவரும் மனக்குறையோடு எடுத்த முடிவு இல்லை, நன்றாக யோசித்துத்தான் சொன்னார்.

ஜெர்மனியில் அப்ரோபேஷனுக்கு முயற்சி செய்யும் பல் மருத்துவர்கள் யாராவது இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். இந்தியாவிலிருந்தும் துபாயிலிருந்தும் என்னென்ன காகிதம், எந்த வரிசையில் வாங்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன், அனுப்புகிறேன்.