மணவாளக்குறிச்சி கருமணல் ஜல்லிக்கு ஆகுமா?

மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கருமணலை உப்புப் போகக் கழுவினால் போதும், மாதிரி ரயில் பாதைக்கு ஜல்லியாகப் போடலாம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். கழுவினால் போவது உப்பு மட்டும்தான் நண்பரே. அந்தக் கருப்பு பெரும்பாலும் இல்மனைட், அதாவது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த தாது. வலுவான காந்தம் அதை இழுக்கும். பாதையில் ஒட்டிய பசை விட்டுப்போன மணல் மணிகள் இன்ஜின் மோட்டாரின் காந்தத்தில் போய் ஒட்டி, பல்சக்கரத்தையும் அரித்துவிடும். ஆசையாக வாங்கிய இன்ஜின், பாழாக வேண்டாமே.

நீங்களே பார்க்கலாம்: பழைய ஸ்பீக்கர் காந்தத்தை பாலித்தீன் கவரில் சுற்றி, நன்றாகக் காய்ந்த மணலுக்குள் அளைந்து தூக்குங்கள். கவரின் அடியில் கருப்புப் பொடி அப்பிக்கொண்டு வரும். குவாரிப் பாறைப்பொடி சலித்துப் போடுபவர்களும் இப்படி ஒருமுறை பார்த்துவிடுங்கள். நிஜப் பாதையின் 65 மி.மீ. ஜல்லி, 1:87 அளவில் (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) செய்த மாதிரியில் முக்கால் மி.மீ.தான், அதனால் சல்லடை பொடிக்கண்ணாக இருக்கட்டும்.