முழு பிரேக் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

பதினெட்டு ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறேன். ஒருமுறைகூட முழு பலத்தோடு பிரேக்கை மிதித்ததில்லை என்பது சென்ற ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு உறைத்தது. அந்தப் பதற்றம் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அக்கா மகனுக்கு இருபத்திரண்டு வயது. இரவு நேரங்களில் நண்பர்களோடு சேர்ந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரை விரட்டுகிறான் என்று அக்கா என்னிடம் சொல்லி அழுதாள். அவனை உட்காரவைத்துப் புத்தி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வயதில் யார் சொல்லி யார் கேட்டோம்? இருவருக்கும் பணம் கட்டி, சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் நடந்த ‘டிராக் டே’வுக்கு அழைத்துப் போனேன். பந்தயம் கிடையாது, பரிசு கிடையாது. சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பழகலாம். பக்கத்து இருக்கையில் பயிற்சியாளர் இருப்பார்.

சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தை அப்பா கதை கதையாகச் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அமைத்து, 1990இல் பயன்பாட்டுக்கு வந்த தடம் இது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். ஃபார்முலா ஒன் வரை போன நாராயண் கார்த்திகேயனும் கருண் சந்தோக்கும் ஓட்டிய அதே தார்ச்சாலையில் என் பழைய காரின் சக்கரமும் உருளப்போகிறது என்ற எண்ணமே சிலிர்ப்பாக இருந்தது.

காலையில் முதல் வேலையாகக் காரைக் காலி செய்யச் சொன்னார்கள். மருமகன் காரின் இருக்கைக்கு அடியிலிருந்து இரண்டு தண்ணீர் பாட்டில்கள் உருண்டு வந்தன. ஒன்றைக் கையில் எடுத்த பயிற்சியாளர், “இது பிரேக் பெடலுக்குக் கீழே போய் மாட்டினால் என்ன செய்வீர்கள், தம்பி?” என்று கேட்டார். அவனிடம் பதில் இல்லை. என் காரிலும் ஒரு பாட்டில் கிடந்தது. பிறகு கொடிகளை விளக்கினார்கள். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, யாரையும் முந்தக்கூடாது. நீலம் என்றால் பின்னால் வேகமான வண்டி வருகிறது, வழிவிட வேண்டும். சிவப்பு என்றால் வேகத்தைக் குறைத்து, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட வேண்டும்.

என் முதல் பயிற்சி நேர்கோட்டில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்து நிற்பது. அந்த வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் ஓடுகிறது. அடையாளக் கூம்பு வந்ததும் மிதித்தேன். “சார், காலை வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். இடித்து மிதியுங்கள்” என்றார். இரண்டாம் முறை இடித்து மிதித்தேன். பெடல் தடதடவென்று என் பாதத்தைத் திருப்பி உதைத்தது. ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிட்டேன். “அது ஏபிஎஸ் வேலை செய்கிற துடிப்பு. சக்கரம் இறுகிப்போய் வழுக்காமல் தடுக்கிற அமைப்பு அது. சாலையில் ஒரு குழந்தை குறுக்கே வந்திருந்தால், காப்பாற்றக்கூடிய நேரத்தில் நீங்கள் காலை எடுத்திருப்பீர்கள்” என்றார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஏபிஎஸ் உள்ள காரில்தான் இத்தனை ஆண்டுகளாகக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறேன். அந்தத் துடிப்பு எப்படியிருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மூன்றாவது முறை காலை எடுக்கவில்லை. கார் மூக்கைத் தாழ்த்தி, பெல்ட் மார்பில் இறங்க, நான் நினைத்ததைவிட வெகு முன்னதாக நின்றது. அடுத்து 140இலிருந்து நிற்கச் சொன்னார். வேகம் நாற்பதுதான் கூடியிருக்கிறது. நிற்கும் தூரம் ஏறத்தாழ இரு மடங்கானது. வேகம் இரட்டித்தால் நிற்கும் தூரம் நான்கு மடங்கு என்று பள்ளியில் படித்த கணக்குதான். அன்றுதான் அது உடம்பில் ஏறியது.

மருமகன் ஆரம்பத்தில் என்னைவிட வேகமாக ஓட்டினான். மதியத்துக்கு முன் ஒரு திருப்பத்தில் தாமதமாக பிரேக் போட்டு, தடத்தை விட்டு மண்ணில் இறங்கினான். அடி எதுவும் இல்லை. வெளுத்த முகத்தோடு வந்து, “மாமா, நல்லா மிதித்தேன்... நிற்கவே இல்லை” என்றான். பயிற்சியாளர் அவனைத் திட்டவில்லை. டயருக்கு இருக்கும் பிடிப்பு ஓரளவுதான். அதை வளைவதற்கே செலவழித்துவிட்டால் நிற்பதற்கு எதுவும் மிஞ்சாது, நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டுத் திரும்பு என்றார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்த மண் இருந்திருக்காது. மின்கம்பமோ மீன் விற்றுவிட்டுத் திரும்பும் அம்மாவோ இருந்திருப்பார்கள்.

மதியம் என் முறை. நான்காவது சுற்றில் பெடல் பஞ்சுபோல் உள்ளே போனது. நல்லவேளையாகப் போதிய நேரம் இருந்தது; கியரைக் குறைத்து மெதுவாகத் திரும்பிவிட்டேன். திரும்பத் திரும்ப மிதித்த சூட்டில் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. அந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ‘டாட் 4’ ரகத்தின் புதிய ஆயில் 230 டிகிரி செல்சியஸுக்குக் குறைந்து கொதிக்கக்கூடாது. ஈரம் ஏறினால் 155 வரைகூட இறங்கிவிடும். கொதித்து ஆவியானால் பெடலில் பிடிப்பு இருக்காது. ஒவ்வொரு முறையும் சர்வீஸுக்குப் பணம் கட்டியிருக்கிறேன், ஆனால் நான்கு ஆண்டுகளாக அந்த ஆயிலை மாற்றவே இல்லை. மூடியைத் திறந்தால் டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறவர்களுக்கும் இதே ஆபத்துதான். மலையிறக்கத்தில் கியரைக் குறையுங்கள், ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி நின்று கேளுங்கள்.

உரிமம் வாங்க எட்டு போடுகிறோம், ரிவர்ஸ் எடுக்கிறோம். முழு பிரேக் போட்டுக் காட்டு என்று யாரும் கேட்பதில்லை. ஒரு காலி மைதானமும் நாலு கூம்பும் போதும், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் இதைச் சொல்லிக்கொடுக்க முடியும். 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவுக் கார் பந்தயம் நடந்தபோது மகிழ்ந்தவன் நான். அதை நடத்தக் காட்டிய அக்கறையில் சிறு பங்கு, இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையத்துப் பந்தயத் தடத்திலும் எளிய கட்டணத்தில் புதியவர்களுக்கு அரை நாள் பயிற்சியாக மாற வேண்டும். இன்றைய கட்டணம் சாதாரண வீட்டுப் பையனால் கட்டக்கூடியது அல்ல. அவன் சாலைக்குத்தான் போவான்.

இப்படி அழைத்துப் போனால் வேக வெறி கூடாதா என்று அத்தான் கேட்டார். நியாயமான பயம்தான். சிலருக்குக் கூடவும் செய்யலாம். நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். அன்று இரவு அக்கா போன் செய்து, “எவ்வளவு வேகம் போனான்?” என்றாள். அவனே போனை வாங்கிக்கொண்டான். எந்தத் திருப்பத்தில் மண்ணில் இறங்கினான், எங்கே பிரேக் போட்டிருக்க வேண்டும் என்று அம்மாவிடம் அரை மணி நேரம் விளக்கிக்கொண்டிருந்தான்.