எடை வரம்பு ஒரு பாதிதான்
விளையாட்டுகளில் வரும் ராட்சதப் போர் இயந்திரங்களின் ஆயுதங்களை ஆடுபவர்கள் அவரவர் விருப்பப்படி மாற்றியமைக்க விடுங்கள், ஒவ்வொரு இயந்திரத்துக்கும் உள்ள எடை வரம்பே சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் என்கிறார் கட்டுரையாளர். அத்தகைய இயந்திரங்கள் மோதும் பேட்டில்டெக் பலகை விளையாட்டைப் பல ஆண்டுகளாக ஆடுகிறவன் என்பதால் இதை ஏற்க முடியவில்லை.

அதில் ஹன்ச்பேக் என்ற 50 டன் இயந்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 4ஜி வகையின் தோளில் இருப்பது 14 டன் பீரங்கி, கூடவே 2 டன் குண்டு. 4பி வகையில் அந்த 16 டன்னைக் கழற்றிவிட்டு 6 நடுத்தர லேசர்களையும் 10 வெப்பத் தணிப்பான்களையும் வைத்திருக்கிறார்கள். எடையில் ஒரு கிலோகூட வித்தியாசமில்லை. ஆனால் ஏற்கெனவே இருந்த 2ஐயும் சேர்த்து 4பியின் 8 நடுத்தர லேசர்களும் பட்டால் 40 சேதம், பீரங்கிக்கு 20தான். கேட்டால் அநியாயமாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு லேசருக்கும் தனித்தனியாகப் பகடை உருட்ட வேண்டும். சேதம் கை, கால், மார்பு என்று சிதறிவிடும். பீரங்கியின் 20 ஒரே இடத்தில் இறங்கும். தலையின் கவசம் 9, உள்கட்டமைப்பு 3. அங்கே பட்டால் கதை முடிந்தது. (என் வண்டிக்கு இது நடந்திருக்கிறது, அதுவும் முதல் சுற்றிலேயே!)

லேசர்களை அடக்கி வைத்திருந்தது, சுடும்போது உண்டாகும் வெப்பம்தான்; அதைத் தணிக்கத் தணிப்பான்கள் வேண்டும். எஞ்சினோடு இலவசமாக வரும் 10 தணிப்பான்கள் இரட்டைத் திறன் பெற்றதும் 10 என்பது 20 ஆனது, கூடுதல் எடையே இல்லாமல். கடிவாளம் அறுந்தது அங்கேதான். இதே உலகைக் கொண்ட கணினி விளையாட்டான மெக்வாரியர் ஆன்லைனில் ஒரே வகைப் பெரிய ஆயுதங்களை அடுக்கி ஒருசேரச் சுடுவதைத் தடுக்க 2013இல் தனியாக வெப்ப அபராதமே கொண்டுவர வேண்டியிருந்தது. அங்கேயும் எடை வரம்பு இருக்கத்தானே செய்தது?