நாகூர் இல்லாத நாகப்பட்டினமா?

பினாங்கிலிருந்து நாகப்பட்டினம் போய்வந்த நம் பயணக் குழுவின் ஆல்பம் நேற்று வந்தது, எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கீழே எழுதியவர்கள் என்னென்ன எழுதினார்கள் என்பதையும் பார்த்திருப்பீர்கள். அதை மறுபடி இங்கே எடுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. சிக்கல் சிங்காரவேலர் கோயில் இருக்கிறது. நீலாயதாட்சி அம்மன் கோயில் வாசலில் நாம் வரிசையாக நின்றது இருக்கிறது. வேளாங்கண்ணி மாதா கோயில், கடற்கரையில் மீன் வறுவல் சாப்பிட்டது, பேருந்தில் வாய் திறந்து தூங்கியது எல்லாம் இருக்கிறது. நாகூர் மட்டும் இல்லை. ஒரு படம்கூட இல்லை. தர்கா படங்கள் வேண்டாம் என்று யாரோ ஆட்சேபம் சொன்னார்களாம், எடுத்துவிட்டார்களாம்.

நாம் நாகூருக்குப் போனோம். எல்லாரும்தான் போனோம். நான் பேருந்திலேயே இருக்கிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. செருப்பை விட்டுவிட்டு, தலையில் முந்தானையும் துண்டும் போட்டுக்கொண்டு, பூவும் சர்க்கரையும் வாங்கிக்கொண்டுதான் தர்காவுக்குள் போனோம். அங்கே மனம் விட்டு அழுதவர்களும் நம்மில் இருக்கிறார்கள். நேற்று அவர்களே "இப்போதுதான் ஆல்பம் சுத்தமாக இருக்கிறது" என்ற வரிக்கு லைக் போட்டிருப்பதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையில் வலித்தது.

நீக்கிய படங்களில் ஒன்று என் அம்மாவுடையது. வாசல் கடைத் தட்டில் நேர்த்திக்கடன் தகடுகள் கிடந்தன: கண், தொட்டில், வீடு, கப்பல். அம்மா முழங்கால் வலிக்காக ஒரு கால் தகட்டை எடுத்து, புடவைக்கு மேலேயே முட்டியில் வைத்து அழுத்திக்கொண்டார். அப்புறம் ஒரு கப்பலையும் எடுத்தார். இது யாருக்கும்மா என்றேன். "தாத்தாவுக்கு" என்றார். அந்த நேரத்தில் எடுத்த படம் அது.

தாத்தாவும் பாட்டியும் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர்கள். அந்தக் கப்பலின் தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் நம்மில் பாதிப் பேர். கடல் குமுறிய இரவில் முருகா என்றும் நாகூர் ஆண்டவரே என்றும் தளமே சேர்ந்து கூப்பிட்டது என்று பாட்டி சொல்வார். நாகூர் ஆண்டவர் என்கிற ஷாகுல் ஹமீது சவரம் செய்துகொண்டிருந்தபோது கையிலிருந்த கண்ணாடியை எறிய, அது நடுக்கடலில் ஒரு கப்பலின் ஓட்டையில் போய் அடைத்துக்கொண்டதாம். அந்தக் கதையை எனக்குச் சொன்னது திருநீறு பூசிய என் பாட்டிதான். கடலோடிகளின் காவலர் என்ற அந்த நம்பிக்கையால்தான் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பினாங்கில் நம் சூலியா தெருவிலும் அவர் பெயரில் ஒரு தர்கா எழுந்தது. அடக்கம் நாகூரில், நினைவிடம் இங்கே. தினமும் அதைத் தாண்டி வேலைக்குப் போகிறீர்கள்.

"நம் கோயில்கள் போதாதா?" என்று கேட்பீர்கள். போதும். யார் இல்லை என்றது? தாராளமாகப் போகாமல் இருங்கள். ஆனால் போய்விட்டு வந்து போகவில்லை என்று காட்டாதீர்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

"அது அவர்கள் இடம்" என்கிறார் இன்னொருவர். அந்த தர்காவின் பெரிய மினாரா 131 அடி உயரம். அதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங். ஓர் இந்து அரசர் எழுப்பிய கோபுரத்தின் கீழே ஓர் இந்துப் பாட்டி நின்றால் உங்களுக்கு எங்கே இடிக்கிறது?

"அவர்கள் நம் கோயிலுக்கு வருவார்களா?" என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. கும்பிடுவதில் கொடுக்கல் வாங்கல் கணக்கு பார்க்க எங்கள் வீட்டில் யாரும் சொல்லித் தரவில்லை.

தர்காவுக்குப் போவதே மார்க்கத்துக்கு விரோதம் என்று உள்பெட்டியில் எழுதிய நண்பரே, உங்கள் நம்பிக்கையை மதிக்கிறேன். அதை உங்கள் வீட்டுப் பெரியவர்களோடு பேசிக்கொள்ளுங்கள். என் அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

சரி, மாதா கோயில் படத்தை ஏன் எடுக்கவில்லை? இதற்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. எடுக்கச் சொல்லவில்லை, எடுக்கவும் கூடாது. ஆண்டுதோறும் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்கு மெழுகுவர்த்தி வாங்கிப் போகிறவர்கள் நாம். ஆனால் தெற்கே வேளாங்கண்ணி, வடக்கே நாகூர், நடுவில் நாகப்பட்டினம், மூன்றும் ஒரே கடற்கரை. ஒன்றை மட்டும் வெட்டினால் அதற்குக் காரணம் பக்தி இல்லை. அது என்னவென்று உங்களுக்கே தெரியும்.

நாகப்பட்டினத்தில் வெட்டி எடுப்பது ஏற்கெனவே ஒரு முறை நடந்திருக்கிறது. கடாரத்து அரசன், அதாவது இதோ பக்கத்தில் கெடா, அங்கே ஒரு புத்த விகாரம் கட்டினான். சூளாமணிவர்ம விகாரம். மகன் மாறவிசயோத்துங்கவர்மன் அதை முடித்தான். சிவனைக் கும்பிட்ட ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயையே அதற்குக் கொடுத்தான். செப்பேடு இருக்கிறது. விகாரத்தில் மிஞ்சியதாகச் சொல்லப்பட்ட செங்கல் கோபுரத்தை 1867இல் இயேசு சபையினர் இடித்தார்கள். மண்ணிலிருந்து வெளிவந்த புத்தர் சிலைகள் இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நான் வழிகாட்டியிடம் விகாரம் எங்கே என்று கேட்டபோது காட்ட ஒன்றும் இல்லாமல் நின்றார். கெடாவின் குனோங் ஜெராய் மலையை வீட்டு வாசலிலிருந்தே பார்த்து வளர்ந்தவள் நான். அந்த மலையடியிலிருந்து போனவர்கள் கட்டியது அது. ஒரு கல்கூட இல்லை என்றபோது தொண்டை அடைத்தது. இடித்தவர்களுக்கும் அன்று ஒரு நியாயம் இருந்திருக்கும். ஆட்சேபம் சொன்னவருக்கும் இருக்கிறது. எனக்கு அந்த நியாயம் வேண்டாம்.

"ஒரு ஆல்பத்துக்கு இவ்வளவா" என்று சிலர் எழுதுவீர்கள். ஆமாம், இவ்வளவுதான். நாற்பது பேர் நின்ற இடத்தில் யாருமே நிற்கவில்லை என்று ஆக்குவது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. நாளை நம் பிள்ளைகள் அந்த ஆல்பத்தைப் பார்த்து, நம் ஆட்கள் அங்கெல்லாம் போக மாட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். போனோம். கும்பிட்டோம். சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு வெளியே வந்தோம்.

ஏற்பாட்டாளர் அண்ணே, உங்கள் மேல் மரியாதை இருக்கிறது. இந்த வயதானவர்கள் அத்தனை பேரையும் பத்திரமாகக் கூட்டிப் போய்க் கொண்டுவந்து சேர்த்தீர்கள். படங்களைத் திரும்பப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வரை பார்ப்பேன், இல்லையென்றால் என் கைபேசியில் உள்ளதை நானே இங்கே போடுகிறேன். முகம் தெரிய வேண்டாம் என்பவர்கள் தனியே எழுதுங்கள், மறைத்துவிடுகிறேன். அம்மாவிடம் கேட்டாயிற்று. மறைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.